ராப்பலகை, கணிச்சம், ஜிபிஎஸ்: திருவனந்தபுரம் கடற்கரையில் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கடற்கரைக் கிளைமொழிகள் பற்றிய எனது முனைவர் பட்ட ஆய்வுக்கு, தகவல் திரட்டும் இடங்களைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ள ஒரு கைக்கருவி தேவைப்பட்டது. கைப்பேசியே போதும் என்று நண்பர்கள் கூறினர். மணற்பரப்பின் வெயிலில் அதன் திரை தெரிவதில்லை. செயலியை இயங்கவிட்டால் நண்பகலுக்குள் மின்கலம் தீர்ந்துவிடுகிறது. தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்குவதென முடிவு செய்தபின், எந்த வகை நல்லது என்று கடைக்காரரைக் கேட்பதைவிட அதை நாள்தோறும் கையாளுபவர்களைக் கேட்பதே முறை என்று தோன்றியது. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே, வயது முதிர்ந்த கடலோடி ஒருவரிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "எதத் தேடுயதுக்கு மக்களே?"

('மக்களே' என்பது இங்கே பன்மையன்று. நெய்யாற்றங்கரையிலிருந்து குமரி வரை இளையவர் ஒருவரை அன்போடு அழைக்கும் ஒருமை விளி. இதற்கு எனது ஆய்வேட்டில் தனியாக ஒரு பக்கம் உண்டு, இங்கே வேண்டாம்.)

அவருடைய கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. நான் இருக்கும் இடத்தின் எண்ணைத் தெரிந்துகொள்வதே எனது தேவை. தேடுவதற்கு ஒன்றும் இல்லை. அவருக்கோ, தேடுவதற்கு ஒன்று இல்லையென்றால் கருவியே வேண்டியதில்லை. இந்த முரண்பாட்டை எண்ணியபடியே சில மாதங்களாகப் படித்தவற்றின் தொகுப்பே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

கையில் எடுத்துச்செல்லத்தக்க வழிகாட்டும் கருவி என்பது நமது கடல்களுக்குப் புதிதன்று. ஜேம்ஸ் பிரின்செப்பை நாம் பிராமி எழுத்தைப் படித்தறிந்தவராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குச் சற்று முன்பு, 1836இல், வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அவர் வேறொரு புதிரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். துருக்கியக் கடற்படைத் தலைவர் சீதி அலி 1554இல் எழுதி முடித்த 'மொஹீத்' என்னும் கடல்நூலின் பகுதிகள் மொழிபெயர்ப்பில் வெளிவந்துகொண்டிருந்தன. அவற்றிலுள்ள அளவைச் சொற்கள் யாருக்கும் விளங்கவில்லை. கல்கத்தாவுக்கு வந்த அரபு மாலுமிகளிடம் கேட்டுப் பார்த்தபோது, நூல் சொல்லும் கருவி அவர்களிடம் இன்னும் வழக்கில் இருந்தது தெரியவந்தது. சிறிய செவ்வகப் பலகை, நடுவில் ஒரு துளை, துளையில் கோத்த கயிறு, கயிற்றில் முடிச்சுகள். அரபு மொழியில் அது கமால். 1850இல் காங்ரீவ் என்னும் படை அதிகாரி சோழமண்டலக் கரை மாலுமிகளின் முறைகளைப் பற்றி சென்னை இலக்கிய அறிவியல் இதழில் எழுதிய குறிப்பிலும் இதே வகைக் கருவி வருகிறது. தமிழிலும் இலட்சத்தீவு வழக்கிலும் இதற்குப் பெயர் ராப்பலகை. இரவில் பயன்படுவதால் அப்பெயர். இதனினும் எளிய கலைச்சொல்லாக்கத்தை நான் கண்டதில்லை.

அது இயங்கும் விதம் இது. கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையைக் கண்ணெதிரே நீட்டிப் பிடிக்க வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவ விண்மீனையும் ஒரே நேரத்தில் தொடவேண்டும். நெடுந்தொலைவு வடக்கே இருந்தால் விண்மீன் உயரமாகத் தெரியும். பலகையைக் கண்ணுக்கு அருகே கொண்டுவர வேண்டும். தெற்கே செல்லச் செல்ல விண்மீன் தாழும், பலகை விலகும். எந்த முடிச்சைப் பல்லில் கடித்தபோது இரு விளிம்பும் பொருந்துகின்றனவோ, அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேரே கப்பல் நிற்கிறது. எண் இல்லை, எழுத்து இல்லை. அளவுக்கு அலகு விரல். முழு வட்டத்துக்கு 224 விரல் என்பது அரபு நூல்களின் கணக்கு. அதாவது ஒரு விரல் என்பது ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல். அந்நூல்களில் சோழிய மாலுமிகளைப் பற்றிய குறிப்புகளும் உள்ளன.

சொற்களே இதற்குச் சான்றளிக்கின்றன. கப்பலைச் செலுத்துபவனுக்குச் சிலப்பதிகார, மணிமேகலைத் தமிழில் மீகாமன் என்று பெயர். பிற்காலத்தில் அந்த இடத்தைப் பிடித்த மாலுமி என்ற சொல் அரபு 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது. அச்சொல்லுக்கு ஆசிரியன் என்று பொருள். இந்தியப் பெருங்கடலில் அது வழியறிந்தவனைக் குறித்தது. சுக்கான் அரபு, நங்கூரம் பாரசீகம். ஆனால் ராப்பலகையும் விரலும் வெள்ளியும் தமிழாகவே நின்றன. கடன் வாங்குவதில் ஒரு மொழி எதை வாங்குகிறது, எதை வாங்காமல் விடுகிறது என்பது எப்போதும் நுட்பமான செய்தி. கருவி எந்தக் கரையில் முதலில் தோன்றியது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அது எல்லாக் கரைகளிலும் உள்ளூர்ச் சொல்லால் அழைக்கப்படும் அளவுக்குப் பரவியிருந்தது என்பதே எனக்கு முக்கியம்.

ஆனால் ராப்பலகை திருவனந்தபுரத்து மீனவருக்கு ஏற்ற கருவியன்று. திருவனந்தபுரம் வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. துருவ விண்மீன் இங்கே தொடுவானத்துக்கு மேல் எட்டரைப் பாகை அளவுக்கே எழுகிறது. மழைக்கால மூட்டத்தில் அதுவும் கிடையாது. இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. திருகோணமலையும் ஏறத்தாழ இதே எட்டரைப் பாகையில்தான் உள்ளது. இரண்டு ஊர்களுக்கும் ஒரே முடிச்சுப் போதும். இடையிலோ ஒரு தீவின் அகலமும் மன்னார் வளைகுடாவும் கிடக்கின்றன. துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குச் செல்லும் கப்பலுக்கு இது குறையாகாது. எந்தக் கடலில் இருக்கிறோம் என்பது மாலுமிக்குத் தெரியும். அந்த அகலாங்கைப் பிடித்துக்கொண்டு கிழக்கே அல்லது மேற்கே ஓடினால் கரை வந்துவிடும். கட்டுமரத்தில் போகிறவர் தேடுவது கரையை அன்று. கடலுக்கு அடியில், வீட்டு முற்றம் அளவேயுள்ள ஒரு பாறையை.

அந்தப் பாறைக்கு இங்கே பாரு என்று பெயர். தூத்துக்குடியின் முத்துக்குளிப்பில் தோலாயிரம் பார் என்றெல்லாம் வரும் அதே 'பார்'. பாருகளில் மீன் அடையும். தூண்டில்காரருக்கு அதுவே விளைநிலம். பாருவுக்கு மேலே வெறும் தண்ணீர் மட்டுமே தெரியும். அதை மறுநாளும் மறுஆண்டும் கண்டுபிடிக்கும் முறையின் பெயர் கணிச்சம். 'கணி' என்னும் வினையோடு இதைச் சேர்த்துப் பார்ப்பது இயல்பே. திருவனந்தபுரத்தில் கடலடிப் பாருகளையும் மீனவரின் கடலறிவையும் பல ஆண்டுகளாக ஆவணப்படுத்திவரும் ராபர்ட் பனிப்பிள்ளையின் பணியால் இச்சொல் மலையாளப் பொதுவெளிக்கும் அறிமுகமாகியிருக்கிறது.

கணிச்சத்துக்கு வேண்டியவை இரண்டு கோடுகள். கரையில் ஒரு தேவாலயக் கோபுரம். அதற்குப் பின்னால் தொலைவில் ஒரு மலைமுகடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்ற நிலையில் கட்டுமரம் ஒரு கோட்டின்மீது இருக்கிறது. வேறொரு திசையில் ஒரு தென்னந்தோப்பின் ஓரமும் அதற்குப் பின்னால் ஒரு குன்றின் சரிவும் அதேபோலப் பொருந்தினால் அது இரண்டாவது கோடு. கோடுகள் வெட்டும் புள்ளியில் கீழே பாரு.

இதைப் 'பாரம்பரிய அறிவு' என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது நமது கல்விப்புல வழக்கம். அதன் துல்லியத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நானே தாளில் போட்டுப் பார்த்தேன். கட்டுமரம் கரையிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது என்று கொள்வோம். கோபுரம் கரையில், மலை கோபுரத்துக்கு அப்பால் 20 கிலோமீட்டரில். கட்டுமரம் பக்கவாட்டில் 50 மீட்டர் நகர்ந்தால் கோபுரத்துக்கும் மலைமுகட்டுக்கும் இடையே கால் பாகை இடைவெளி திறந்துவிடும். முழுநிலவின் அகலம் அரைப் பாகை. ஆக, 50 மீட்டர் பிழை என்பது நிலவின் பாதி அகலத்துக்குக் கண்ணுக்குத் தெரியும். நல்ல பார்வையுடையவர் இதில் பத்தில் ஒரு பங்கு விலகலையும் கண்டுகொள்ளலாம். அலையில் ஆடும் மரத்தின்மீது நின்று பார்ப்பதற்காக எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், இது செம்மையான கருவி. எடையில்லை, விலையில்லை, நனைந்தால் கெடுவதுமில்லை. பின்னால் நிற்கும் அடையாளம் எவ்வளவு தொலைவோ அவ்வளவுக்குத் துல்லியம் கூடும். கரைக்கு இணையாகச் சகயமலைத் தொடர் ஓடும் இந்த நிலப்பரப்பு கணிச்சத்துக்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது. அகத்தியர் மலையின் உயரம் 1,868 மீட்டர். வானம் தெளிந்திருந்தால் கரையை விட்டு வெகுதூரம் போன பின்னும் தொடுவானத்துக்கு மேலே நிற்கும்.

அதே மலைமீது இன்னொரு கருவியும் ஏறியது. சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், ஜான் கால்டிகாட்டின் பொறுப்பில் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைந்தது. அவருக்குப்பின் வந்த ஜான் ஆலன் பிரவுன் காந்த ஊசியின் விலகலை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார். 1855இல் அகத்தியர் மலை உச்சியிலேயே ஓர் ஆய்வகத்தை நிறுவினார். அவருடைய காந்த அளவீடுகள் 1874இல் நூலாக வெளிவந்தன. காந்த ஊசி எவ்வளவு பிசகுகிறது என்பது கப்பலோட்டிகளின் உயிர்ப்பிரச்சினை. ஆகவே இவை வழியறிதலுக்கான அளவீடுகளும்கூட. மலையாளத்தில் திசைகாட்டிக்கு 'வடக்குநோக்கி' என்று பெயர். மலை உச்சியிலிருந்து வடக்கை நோக்கியவர்களும், கடலிலிருந்து மலையை நோக்கியவர்களும் ஒரே நூற்றாண்டில், ஒரே நாட்டில் வாழ்ந்தார்கள். முன்னவரின் அளவுகள் அச்சேறின. பின்னவரின் அளவுகள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. அடுத்த மரத்துக்காரருக்குக்கூடச் செல்லவில்லை.

இந்த மறைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கடல் பொதுவுடைமை, வேலி போட முடியாது. எனவே பாருவின் மீதான உரிமை என்பது, அதன் இடம் தெரிந்திருப்பது மட்டுமே. தெரிந்த பாருவுக்கு நேராகப் போகாமல் வளைந்து போவதும், பிறர் பார்வையில் பட்டால் அங்கிருந்து நகர்ந்துவிடுவதும் இதன் பகுதிகள். இயற்கைப் பாரு போதாதபோது மக்கள் தாங்களே பாறைக் கற்களையும் தென்னங்குற்றிகளையும் பழைய கிணற்று உறைகளையும் கடலில் இறக்கிச் செயற்கைப் பாருகளை உண்டாக்கினர். இதைப் பற்றி உள்ளூர் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜான் குரியன் விரிவாக எழுதியுள்ளார் (இங்கே 'உள்ளூர்' என்பது ஊர்ப்பெயர்). உழைத்துப் பணம் செலவிட்டுக் கடலுக்குள் போட்டதைத் திரும்பக் கண்டுபிடிக்கவும் கணிச்சமே துணை. அங்கேயும் கணிச்சம் என்பது பட்டா, பத்திரம் எல்லாம்.

மொழியியல் மாணவருக்கு இதில் ஒரு விருந்து உண்டு. கணிச்சம் என்பது பேசும் முறையும்கூட. எந்த அடையாளம் எதன்மேல் 'ஏறி' நிற்கிறது, எது எதைவிட்டு 'விலகி' நிற்கிறது, மலை 'தாழ்ந்து'விட்டதா என்று பேசுகையில் நகர்வது கட்டுமரமாக இருப்பதில்லை, கரை நகர்கிறது. பேசுபவர் தன்னை அசையாத புள்ளியாக வைத்துக்கொண்டு நிலத்தை அசைக்கிறார். இதைக் கேட்டுப் பழகிய பிறகு வரைபடம் பார்ப்பது எனக்குக் கொஞ்சம் விநோதமாகவே இருக்கிறது.

கணிச்சத்தை ஜிபிஎஸ் அழித்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. காலவரிசை அவ்வாறு கூறவில்லை. 1980களின் தொடக்கத்தில் கேரளக் கரையில் வெளிப்பொறி இயந்திரங்கள் பரவின. துடுப்பும் பாயும் கொண்டு போன தொலைவை இயந்திரம் பல மடங்காக்கியது. கட்டுமரத்தில் அமர்ந்திருப்பவரின் கண் கடல்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்குமானால், 20 மீட்டர் உயரத் தென்னை சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். மலை மட்டும் மிஞ்சும். முன்னடையாளம் இல்லாத மலையால் கோடு போட முடியாது. கரையோரத்தில் மீன் குறையக் குறைய, எரிபொருள் செலவை ஈடுகட்ட இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டிவந்தது. கணிச்சம் எட்டாத கடலுக்கு மக்கள் முதலில் போய்விட்டார்கள். ஜிபிஎஸ் பின்னால் வந்து சேர்ந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய குமரி மாவட்ட ஊர்களின் சுறாப் பிடிப்பவர்கள் அரபிக்கடலின் மறுபுறம் வரை செல்பவர்கள். அவர்களுக்குக் கரை என்பது வாரக்கணக்கில் காணாத பொருள்.

கருவி வந்த நாளையும் ஒரு தேதியால் குறிக்கலாம். அமெரிக்க அரசு குடிமக்களுக்கான ஜிபிஎஸ் குறிகையை வேண்டுமென்றே மழுங்கடித்து வைத்திருந்தது. பிழை 100 மீட்டர் வரை போகும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்த மழுங்கடிப்பு நிறுத்தப்பட்டது. பிழை 10, 20 மீட்டருக்குக் குறைந்தது. மேலே நான் போட்ட கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2000க்கு முன்பு, கரை தெரியும் தொலைவில், கணிச்சம் ஜிபிஎஸ்ஸைவிடத் துல்லியமானது. பாருவைத் தேடுபவர் அன்று அந்தக் கருவியை வாங்காமல் இருந்திருந்தால் அது பழமைப்பற்று ஆகாது, கணக்கு.

அதன்பிறகு கைக்கருவிகள் வேகமாகப் பரவின. கார்மின் என்ற நிறுவனப் பெயர் இக்கரையில் நன்கு அறிமுகமானது. தேர்வுக்கான அளவுகோல்களைக் கேட்டால் கடைப் பட்டியலில் காணாதவை வரும். உப்பு படிந்த ஈரக் கைக்கு இசைவது பொத்தான், தொடுதிரை இசையாது. எந்தக் கடையிலும் கிடைக்கும் பென்சில் பாட்டரியில் ஓட வேண்டும். தவறி விழுந்தால் மிதக்க வேண்டும். நண்பகல் வெயிலில் திரை தெரிய வேண்டும்; வண்ணம் வேண்டாம். உள்ளே வரைபடம் இருக்கிறதா என்று யாரும் கவலைப்படுவதில்லை. எத்தனை புள்ளிகளைச் சேமிக்கலாம் என்பதே கேள்வி. கருவியை விற்பவர் அதை 'நான் எங்கே' என்பதற்காக விற்றார். வாங்கியவர் 'எனது பாரு எங்கே' என்பதற்காக வாங்கினார். இந்த வகையில் ஜிபிஎஸ் கணிச்சத்தின் இடத்தில்தான் வந்து அமர்ந்தது.

இரண்டு மாற்றங்கள் ஆரவாரமின்றி நிகழ்ந்தன. முதலாவது, பெயர். புள்ளி ஒன்றைச் சேமிக்கும்போது கருவி தானாக 001, 002 என்று எண் கொடுத்துக்கொண்டே போகும். பெயர் இட விரும்பினால் ரோமன் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொத்தானால் தேடி எடுக்க வேண்டும். ஆடும் படகில் அதை யார் செய்வார்? ஒவ்வொரு பாருவுக்கும் ஒரு பெயர் இருந்தது: கண்டவர் பெயர், மீனின் பெயர், அடையாளமான மரத்தின் பெயர். கணிச்சம் சொல்வதற்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது. எண்ணுக்கு அது தேவைப்படவில்லை. எனது பதிவுகளில், அறுபது வயதைக் கடந்தவர்கள் பாருகளின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். அவர்களுடைய பேரன்மார் கருவியை எடுத்துக் காட்டுகிறார்கள். இதை இழப்பு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பேரன்மார் மீனோடு திரும்பி வருகிறார்கள். பெயர்களைச் சேர்ப்பது என் தொழில், அவர்களுடையது அன்று.

இரண்டாவது, உரிமை. கணிச்சத்தைத் திருட வேண்டுமானால் உரியவரோடு கடலுக்குப் போய், அவர் பார்க்கும் திசையைப் பார்த்து, பல நாள் பழக வேண்டும். எட்டு இலக்க எண்ணைத் திருடக் கால் நிமிடம் போதும். கருவி தொலைந்தால் வாழ்நாள் உழைப்பு தொலைகிறது; கருவி பிறர் கையில் சிக்கினால் அது நகலாகிறது. புதியவர் ஒருவர் முதல் நாளே அனுபவசாலியின் பாருவில் நங்கூரம் போட முடியும். இதைச் சனநாயகமாகவும் பார்க்கலாம், கொள்ளையாகவும் பார்க்கலாம். கரையில் இரண்டு கருத்தும் உண்டு. பெரும்பாலும் ஒரே மனிதரிடம்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனையைச் சுற்றி அரபிக்கடலுக்குள் திரும்பியது. அதற்கு முன்பே கடலுக்குள் போயிருந்தவர்களில், குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அந்நாட்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கருவியைப் பற்றிய ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஜிபிஎஸ் வைத்திருந்தவர்களுக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்பது சில மீட்டர் துல்லியத்தில் தெரிந்திருந்தது. கரையில் யாருக்கும் அது தெரியவில்லை. கைப்பேசி அலை கரையிலிருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கிடைக்காது. வயர்லெஸ் கருவியின் எட்டும் தூரமும் சிறிது. செயற்கைக்கோள் தொலைபேசியை உரிமமின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். தேடப் போன கப்பல்களில் எங்கே தேடுவது என்று காட்ட மீனவர்களையே ஏற்றிக்கொள்ள நேர்ந்தது. ராப்பலகையின் கேள்வி 'எந்தத் துறை', கணிச்சத்தின் கேள்வி 'எந்தப் பாரு'. 'நான் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்' என்ற மூன்றாவது கேள்விக்கு, விற்பனையில் இருந்த எந்தக் கைக்கருவியும் விடை சொல்லவில்லை; யாரும் அதை அந்தக் கருவியிடம் கேட்டிருக்கவும் இல்லை.

இங்கே திருவனந்தபுரம் இன்னொரு வேடத்தில் வருகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து ஏறியது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தக் கரை, மீனவர் குடியிருப்பு. மகதலா மரியாள் ஆலயம் அலுவலகமானது. இன்று விண்வெளி அருங்காட்சியகம். ஊர் மக்கள் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான பிஎஸ்எல்வி ராக்கெட், 2013 ஜூலை 1 முதல் இந்தியாவின் சொந்த வழிகாட்டும் செயற்கைக்கோள்களை ஏற்றத் தொடங்கியது. 2016 ஏப்ரல் 28 அன்று வரிசையின் ஏழாவது செயற்கைக்கோள் ஏறியபோது பிரதமர் அதற்கு நாவிக் என்று பெயரிட்டார். ஆங்கிலச் சுருக்கமாகவும் 'நாவிகன்' என்ற கடலோடிப் பொருளிலும் நிற்கும் பெயர். (ஆங்கில 'நேவிகேஷன்' என்பதே சமஸ்கிருத 'நவகதி'யிலிருந்து வந்தது என்றொரு செய்தி ஆண்டுதோறும் நமது குழுக்களில் சுற்றுகிறது. அது இலத்தீன் 'நாவிகாரே'. 'நௌ'வோடு உறவுடைய சொல், அதன் மகள் அன்று. தயவுசெய்து இனிப் பகிராதீர்கள்.)

கடலோடியின் பெயர் வைத்த அமைப்பு, கடலோடியின் கைக்கு ஒக்கிக்குப் பிறகே வந்தது. இஸ்ரோ உருவாக்கிய பெறுகருவிகள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வழங்கப்பட்டன. 2019 அக்டோபரில் ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் வழியாக ஜெமினி என்ற இன்னொரு கருவி அறிமுகமானது. அது ககன் செயற்கைக்கோளின் செய்தியைப் பிடித்து ப்ளூடூத் மூலம் கைப்பேசிக்குத் தரும். புயல் எச்சரிக்கை, மீன் கூடும் பகுதி எல்லாம் உள்ளூர் மொழியில் வரும். எச்சரிக்கை வந்து சேராத சிக்கலை இவை தீர்த்தன. ஆனால் இரண்டும் ஒருவழிப் பாதை. கரை பேசும்; கடல் கேட்கும்.

மறுவழியும் பின்னர் திறந்தது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அறிவிக்கும் கருவி 2010 முதலே இஸ்ரோவிடம் இருந்தது. அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும் அழுத்தியவருக்குத் தெரியாது. 2024 சனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறையில், நாவிக் வழியாக மறுமொழி வருகிறது. இருட்டில் மூழ்கும் படகில் இருப்பவருக்கு 'கேட்டோம்' என்ற ஒரு சொல் எவ்வளவு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழிச் செய்தியுடன் கூடிய டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது.

கருவி கிடைத்துவிட்டது என்று கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் கருவி, பாரு இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறது. ஒரே புள்ளியில் மூன்று மணி நேரம் நிற்கும் படகு ஏன் அங்கே நிற்கிறது என்பதை ஊகிக்க நிபுணர் வேண்டாம். அந்தத் தரவு யார் கையில், எவ்வளவு காலம், எந்த நோக்கத்துக்கு இருக்கும் என்ற கேள்வியைக் கேட்பவர்களைப் பாதுகாப்பு வேண்டாதவர்கள் என்று கருத்தரங்குகளில் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கேட்பது வேறு: உயிருக்கான விலை ஏன் கணிச்சமாக இருக்க வேண்டும்? ஆபத்து வேளையில் மட்டும் இடத்தைச் சொல்லும் கருவியும், எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும் கருவியும் வெவ்வேறு. முன்னதைத் தயக்கமின்றி ஏற்பார்கள் என்பதே களத்தில் எனக்குத் தோன்றியது. பின்னதன் விதிகளை வகுக்கும் மேசையில் பாரு தெரிந்தவர் ஒருவராவது இருக்கவேண்டும். அகத்தியர் மலையின் காலத்திலிருந்து தொடரும் பிரிவினை இது: ஓர் அளவு அச்சேறும், மற்றது குடும்பத்துக்குள் இருக்கும். இரண்டும் ஒரே திரையில் சேரும்போது எது எதன் உடைமை என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

கணிச்சத்தின் கரைப்பக்கமும் மாறிவருகிறது. பள்ளிச்சல் பக்கத்து மூக்குன்னிமலையைக் கல்குவாரிகள் பல்லாண்டுகளாகக் குடைந்திருக்கின்றன. கடலரிப்பு வீடுகளையும் தென்னைகளையும் எடுத்துக்கொண்டது; புதிய அடுக்குமாடிகள் பழைய கோபுரங்களை மறைக்கின்றன. விழிஞ்ஞம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் இன்று கடலிலிருந்து முதலில் கண்ணில் படுபவை. இவற்றைக் கொண்டு புதுக் கணிச்சம் கட்டலாமே என்று அந்த முதியவரிடம் கேட்டேன். கட்டலாம், ஆனால் பாரந்தூக்கி நகருமே என்றார்.

நான் கடைசியில் வாங்கியது, பொத்தான் உள்ள, மிதக்கும், வண்ணமில்லாத ஒரு பழைய மாதிரி. அவரிடம் காட்டினேன்; திருப்பிப் பார்த்துவிட்டு, பாட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவச் சொன்னார். பிறகு, அவருடைய தந்தை காலத்துப் பாரு ஒன்றின் பெயரையும் கணிச்சத்தையும் ஒலிப்பதிவுக்காகச் சொன்னார். கோபுரமும் மலையுமாக முதல் கோட்டை மிகத் தெளிவாக, இரண்டு முறை சொன்னார். மற்றக் கோடு எது என்று கேட்டேன். சிரித்தார். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்தப் பாருவுக்குப் பெயர் இருக்கும். இடம் இருக்காது, ஒரு கோடு மட்டும்.